கெசீனே தேர்ந்தெடுத்த விடுதி

விடுதி பார்ப்பது என்றால் கெசீனேக்கு அது ஒரு வாரத்து வேலை. மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள், கடல் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். அவள் பார்ப்பது வேறு. நீளமான நடைபாதையில் வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள் இருக்கக் கூடாது. இரண்டு ஒற்றைக் கட்டில்களைப் போட்ட அறை கூடவே கூடாது. சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற இடம் ஆகாது. அறைச் சாவி அவள் கையில்தான் இருக்க வேண்டும். வெள்ளை இரும்புக் கட்டில்களை இப்போது அழகுக்கென்றே வாங்கிப் போடுகிறார்கள். படத்தில் அதைக் கண்டால் போதும், அந்த விடுதியின் இணையப் பக்கத்தை அப்படியே மூடிவிடுவாள்.

காஸல் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள் அவள். பிறர் கண்ணுக்கு எது பொருந்தும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். தனக்கு ஓர் அறை பொருந்துவதற்கு மட்டும் இத்தனை பாடு. கணவன் ஃபோல்க்மார் நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் இருந்தவன், பொறுமைசாலி. ஏன் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். "எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. மகள் ஸ்வென்யா விடுகிற மாதிரி இல்லை. வருடா வருடம் விடுமுறை வரும்போது கேலியும் வரும்.

"அம்மா ஹோட்டல் பாக்கிறது போலீஸ்காரங்க வீட்டைச் சோதனை போடுற மாதிரி. கட்டிலுக்கு அடியில யாரைத் தேடுறாங்கன்னுதான் தெரியல."

எல்லோரும் சிரிப்பார்கள். கெசீனேயும் சிரிப்பாள்.

ஃபோல்க்மார் ஓய்வு பெற்ற வருடம் மகள் ஒரு பரிசு கொடுத்தாள். மூன்று இரவுகள், ஏதாவது ஒரு கடற்கரையில், நல்ல ரசனையோடு கட்டின சின்ன விடுதியாக அவர்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணவனும் மனைவியும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். வெளியே சேறும் மழையும். அவனுக்குப் போர்ச்சுகலில் ஒரு வெள்ளை வீடு பிடித்திருந்தது. முற்றத்தில் எலுமிச்சை மரம், எட்டே அறைகள். அவளுக்கும் அது சரி என்றே பட்டது. பணம் கட்டப் போகிற நேரத்தில், ஓரத்தில் வேறொரு படம் வந்து நின்றது. அவர்கள் நாட்டு வடகடல் தீவு ஒன்றில் புதிதாகத் திறந்த விடுதி. செங்கல் மாளிகை, மாடிப்படி, அதன் மேல் வெயில் விழுகிறது.

கெசீனே படியைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்தாள். கருத்த மரக் கைப்பிடி. ஒரு முழத்துக்கு ஒன்றாக அதன் மேல் மரக் குமிழ்களை அறைந்திருந்தார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாடக் கூடாது என்பதற்காக அறைந்த குமிழ்கள். படத்தின் கீழே, 'பழைய கைப்பிடி அதன் அழகு கெடாமல் காக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, 'மதியம் ஒன்று முதல் மூன்று வரை எங்கள் மாளிகையில் அமைதி நேரம்.'

அவள் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. "இதுக்குப் போவோம்" என்றாள்.

ஃபோல்க்மார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நடைபாதை நீளமாக இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னான். அவள் மனம் மாறவில்லை. எலுமிச்சை மரம் கைவிட்டுப் போன வருத்தத்தோடு அவன் அங்கே அறை பதிந்தான்.

ஜூன் கடைசியில் போனார்கள். ஃபெர்ரியை விட்டு இறங்கும்போதே வெயிலில் கண் கூசிற்று. மணல் பளபளத்தது, கரையில் கோடுபோட்ட கூடை நாற்காலிகள் வரிசையாக நின்றன. விடுதியில் வந்தவர்களை ஓர் இளம் பெண் வரவேற்றாள். அவள்தான் மேலாளர். சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, தரையில் சாம்பல் நிறக் கம்பளம், மேசைக்கு மேசை உலர்ந்த புல் கொத்து. ஃபோல்க்மாருக்குப் போர்ச்சுகல் மறந்தே போயிற்று. கெசீனே கைப்பிடியில் கை வைக்காமல், சுவரோரமாகவே படியேறினாள்.

மறுநாள் மதியம் ஒரு மணி. விடுதி முழுவதும் அடங்கிவிட்டது. ஃபோல்க்மார் மீன் சூப்பும் கறுப்பு ரொட்டியும் தின்ற சுகத்தில் மல்லாந்து தூங்கினான். ஜன்னல் திறந்திருந்தது, அறை நிறைய வெளிச்சம். கெசீனே உடுத்தின உடையோடு அவன் பக்கத்தில் படுத்திருந்தாள். அப்போது அது கேட்டது. மூச்சு இழுக்கும்போது மட்டும் மூக்கில் ஒரு சன்னமான விசில். ஃபோல்க்மாருடையது அல்ல. முப்பத்தைந்து வருடமாக அவன் மூச்சு அவளுக்கு அத்துப்படி. இது அவளுடைய இடது பக்கத்திலிருந்து வந்தது. அங்கே சுவர்தான் இருந்தது.

அவளுக்கு அது புதிதல்ல. வாழ்நாள் முழுக்க, மதியத்தில், இரண்டு கட்டில் போட்ட அறைகளில் அந்த விசில் அவளைத் தேடி வந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஸ்வென்யாவைப் பெற்ற மறுநாள் ஒரு தடவை. அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள். இங்கே எழுந்து எங்கே போவது? அது வந்த இடமே இதுதான்.

ஃபோல்க்மாரை எழுப்பினாள். கூரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருடம். அவளுக்கு ஆறு வயது. பிள்ளை ஒல்லியாக இருக்கிறாள், கடல் காற்று பட்டால் தேறுவாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கழுத்தில் பெயர் அட்டையை மாட்டி ரயிலேற்றி விட்டார்கள். ஆறு வாரம். அம்மா அப்பா வரக் கூடாது. அப்போது இந்த மாளிகை பிள்ளைகள் உடம்பு தேற்றும் இல்லம். பார்த்துக்கொள்கிற பெண்களை அத்தை என்று கூப்பிட வேண்டும். பால் கஞ்சியை முழுக்க விழுங்கும்வரை மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை கண்ணை மூடிக் கட்டிலில் கிடக்க வேண்டும். பேச்சு கிடையாது, கக்கூஸ் கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் அல்மூட் என்றொரு பெண். பிரேமன் நகரத்துக்காரி. மூச்சு விட்டால் மூக்கில் விசில் வரும். அத்தை நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போனதும் வேண்டுமென்றே அந்த விசிலைப் பலமாக இழுப்பாள். கெசீனே தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஒரு நாள் மதியம் அல்மூட் படுக்கையை நனைத்துவிட்டாள். சத்தம் போடாமல் விரிப்பைப் புரட்டிப் போட்டு மேலே படுத்துக்கொண்டாள். ஹில்டா அத்தை மோப்பம் பிடித்து உள்ளே வந்தாள். யார் என்று கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. சொல்லுகிற பிள்ளைக்கு இன்றைக்குக் கஞ்சி கிடையாது, ரொட்டியும் ஜாமும் என்றாள்.

"நான் அவ பக்கம் கையை நீட்டினேன்" என்றாள் கெசீனே.

அல்மூட்டை மேலே, கூரைக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குக் கூட்டிப் போனார்கள். கெசீனேக்கு ரொட்டி கிடைத்தது. இரண்டு நாள் மதியமும் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அல்மூட் எங்கே என்று கேட்டதற்கு, கேட்கிற பிள்ளையும் மேலே போகலாம் என்றாள் ஹில்டா அத்தை. அதோடு கெசீனேயின் வாய் அடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளைத் தராசில் நிறுத்தி, ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள்.

"அவ செத்துப் போயிட்டான்னு நெனச்சியா?" என்று கேட்டான் ஃபோல்க்மார்.

"நெனக்கல. தெரியும்னே இருந்தேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருடம் சொல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் மேலாளரிடம் போய், மேல் மாடி அறையை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று அவனே விசாரித்தான். அதுதான் விடுதியிலேயே விலை உயர்ந்த அறை, அன்றைக்குக் காலியாக இருந்தது. மேலாளர் கூட்டிப் போய்க் காட்டினாள். சாய்வான கூரை, லினன் விரித்த அகலமான கட்டில், அதற்கு நேரே பெரிய ஜன்னல். ஜன்னல் நிறையக் கடல். தேனிலவுக்கு வருகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். கெசீனே வாசல்படியைத் தாண்டவில்லை. அந்த மாளிகை முன்பு என்னவாக இருந்தது தெரியுமா என்று கேட்டாள். ஏதோ பிள்ளைகள் விடுமுறை இல்லம் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னாள் அந்தப் பெண். அவள் மேல் குற்றமில்லை, அவள் பிறந்ததே எண்பதுகளின் கடைசியில்தான் இருக்கும்.

ஊர் திரும்பியதும் கெசீனே தேடத் தொடங்கினாள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகள் இப்போது கிழடுதட்டி, ஒருவரையொருவர் இணையத்தில் கண்டுபிடித்துப் பேசிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வருடத்தையும் தீவையும் எழுதினாள். 'அல்மூட், பிரேமன், மூக்கில் விசில்' என்று எழுதினாள். நான்கு மாதம் கழித்து எக்கார்ட் என்று ஒருவரிடமிருந்து பதில் வந்தது. 'என் அக்காவாக இருக்கலாம். நேரில் வாருங்கள்.'

கணவனும் மனைவியும் பிரேமனுக்குப் போனார்கள். எக்கார்ட் தனியாக இருக்கிறவர், பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். டிராம் வண்டி ஓட்டுகிற சீருடையில் ஐம்பது வயதுப் பெண்மணி. உருண்டை முகம், சற்றே வளைந்த மூக்கு. அந்த மூக்கைக் கெசீனேக்கு அடையாளம் தெரிந்தது.

அல்மூட் அன்றைக்குச் சாகவில்லை. நிமோனியாக் காய்ச்சலோடு தீவு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டினாள். கல்யாணம் செய்து, பிரிந்து, நாய் வளர்த்து, இரண்டாயிரத்துப் பதினொன்றில் புற்றுநோயில் போனாள். அந்தத் தீவைப் பற்றி வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவை மூடிக்கொண்டு ஓர் அறையில் இருக்க மாட்டாள், அவ்வளவுதான் தம்பிக்குத் தெரிந்தது.

கெசீனே அழுதாள். ஐம்பத்தாறு வருடமாக அவள் மனத்தில் செத்துக் கிடந்தவள், அதில் இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். காஸலிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். என்றைக்காவது ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

எக்கார்ட் அவள் அழுகை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அங்க அவளுக்கு என்ன நடந்துச்சு? உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லுங்க."

சொன்னாள். விரிப்பைப் புரட்டியது, அத்தை கேட்டது, தான் கை நீட்டியது, அல்மூட்டை மேலே சாமான் அறையில் அடைத்தது, தான் ரொட்டி தின்றது, எதையும் விடவில்லை.

"ஆறு வயசு" என்றார் எக்கார்ட்.

"ஆறு வயசுதான். ஆனா தெரிஞ்சுதான் காட்டினேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அவ இருந்திருந்தா உங்கள மன்னிச்சிருப்பாளான்னு எனக்குச் சொல்லத் தெரியல. பிடிவாதக்காரி. நாயோட சண்டை போட்டாக்கூட ரெண்டு நாள் அதுகிட்டப் பேச மாட்டா."

மூவரும் சிரித்துவிட்டார்கள். புறப்படும்போது அவர், அந்த விடுதியில் தனக்கு ஓர் அறை பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். எந்த அறை என்று அவள் கேட்கவில்லை. மே மாதத்தில் மேல் மாடி இரண்டு இரவுக்குக் காலியாக இருந்தது. கெசீனே தானே போன் செய்து பதிந்தாள்.

அவர் போய் இரண்டாம் நாள் மதியம் அங்கிருந்து கூப்பிட்டார். வெயில் அடிக்கிறது என்றார். காலையில் கரையில் நடந்தேன் என்றார். குரல் லேசாக இருந்தது.

"இங்கிருந்து கடல் முழுசும் தெரியுது கெசீனே. நான் என்னவோ இருட்டுப் பொந்துன்னு நெனச்சுப் பயந்துட்டு வந்தேன். அவளுக்குக் கடலாவது தெரிஞ்சிருக்கும், இல்ல?"

கெசீனே போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அந்த ஜன்னலை விடுதிக்காரர்கள்தான் வைத்தார்கள். கூரையை அறுத்துக் கண்ணாடி போட எட்டு வாரம் ஆயிற்று, அதற்கு முன் ஒரு துவாரம்கூட இல்லாத இடம் என்று அன்றைக்குப் படியிறங்கும்போது மேலாளர் அவளிடம் சொல்லியிருந்தாள்.

எக்கார்ட் பதிலுக்குக் காத்திருந்தார். அந்தப் பக்கம் கடற்காகங்கள் கத்துவது கேட்டது.

"தெரிஞ்சிருக்கும்" என்றாள் கெசீனே.