பெட்ரோல் மூடியும் பாலத்துத் தேங்காயும்

இன்று என் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் மூடி சரியா மூடலை, ஆவி வெளியே போகுது" என்றார்.

எண்பத்திரண்டாம் வருஷம் எங்கள் வீட்டுக் காரில் நேர் எதிர்.

அப்பா கொச்சி மட்டாஞ்சேரியில் ஏலக்காய்த் தரகர். டிக்கியில் எப்போதும் சாம்பிள் பைகள் இருக்கும். கார் தினமும் தோப்பும்படி பாலத்தில் நின்றுவிடும். அப்பா இறங்கி அங்கேயே பிள்ளையாரை வேண்டி ஒரு தேங்காய் உடைப்பார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியில் சுள்ளிக்கல் மெக்கானிக் காதர் பெட்ரோல் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளையில் சோப்பு.

"சாமி, டாங்குக்கு சுவாசம் முட்டுது. காத்து போகாம பெட்ரோல் எப்படி வரும்? வண்டி நின்னா மெல்ல காத்து உள்ளே கேறும், பின்னே ஓடும். ஆரு இதை அடைச்சது?"

"நான்தான். ஏலக்காய்ல பெட்ரோல் வாசனை ஏறப்படாதுன்னு" என்றார் அப்பா.

மறுநாள் வண்டி நிற்காமல் பாலத்தைத் தாண்டியது. அப்பா சொன்னார்: "இத்தனை தேங்காய்க்கும் இப்பதான் பலன் கிடைச்சிருக்கு."

இன்று மூடியை இறுக்கிவிட்டேன். விளக்கு தானாக அணைய மூன்று நாள் ஆகுமாம்.

எண்பத்தைந்து வயது அப்பா பின் சீட்டிலிருந்து கேட்கிறார்: "அதுவரைக்கும் தினம் ஒண்ணு போதுமா?"