சுதந்திர தினம் வரை நீண்ட ஞாயிற்றுக்கிழமை

ஏசுவடியான் வாயை மூடிப் பார்த்தவர்கள் தென்காசியில் யாரும் கிடையாது. சாப்பிடும்போது பேசுவார். சவரம் செய்துகொள்ளும்போதும் பேசுவார், அதனால் அவர் கன்னத்தில் எந்நாளும் ஒரு கீறல் இருக்கும். குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய், சீயக்காய், சோப்பு விற்கிற கடை அவருக்கு. அருவிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படியே பழகிவிட்டது.

பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தவரை முடிக்க விடமாட்டார் என்பதுதான் கொடுமை. யாராவது "நேத்து செங்கோட்டைக்கு..." என்று ஆரம்பித்தால், "ரயில் லேட்டு, அதானே? தெரியும்" என்று இவரே முடித்து வைப்பார். வந்தவர் மாடு வாங்கப் போன கதையைச் சொல்ல வந்திருப்பார். பாவம், ஏறாத ரயில் தாமதமான கதையோடு திரும்பிப் போவார். சபையில் குருவானவர் ஜெபத்தை முடிப்பதற்குள் இவருடைய "ஆமென்" முந்திக்கொண்டு வந்துவிடும்.

மனைவி சுகிர்தம் எட்டாவது தேறி, டீச்சர் டிரெயினிங்கும் முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஏசுவடியான் மூன்றாவதோடு நின்றவர். கையெழுத்துப் போடுவார், வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். எழுத்து அவளுக்கு, பேச்சு இவருக்கு என்று கல்யாணத்தன்றே பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி குடும்பம் நடந்துவந்தது.

1957 சீசன் ஆரம்பத்தில் அச்சன்புதூரிலிருந்து பழக்கக்காரர் சிவசுப்பிரமணியன் இவர்கள் வீட்டுக்கு வந்தார். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். ஊரில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். காபியைக் குடித்துவிட்டு சுகிர்தத்தைப் பார்த்து, "எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வேணும்மா. உங்களுக்கு வர விருப்பமா?" என்று கேட்டார்.

"அவளுக்குத் தோதுப்படாது சார்," என்றார் ஏசுவடியான். "பஸ்ஸுல ஏறுனா தலை சுத்தும். பிள்ளைகளை வேற பாக்கணும்."

பிள்ளைகள் இரண்டும் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தன. சுகிர்தத்துக்குப் பஸ்ஸில் ஒருநாளும் தலை சுற்றியதில்லை. திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். வந்தவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சுகிர்தம் வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் ஏசுவடியானுக்கு அது தெரியவே இல்லை. அவர் பாட்டுக்குக் கேள்வியும் கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். ஒருநாள் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

"ஏட்டி, கண்ணாடி எங்க?"

பதில் வரவில்லை. இன்னொரு தரம் கேட்டார். அவள் அலமாரியைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

மனுஷன் ஆடிப்போனார். கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் குருவானவரையே கூட்டிவந்தார். குருவானவரிடம் சுகிர்தம் சிரித்துப் பேசினாள், அவர் மூட்டுவலியை விசாரித்தாள், மருந்தும் சொன்னாள். அவர் படி இறங்கியதும் பழையபடி வாய் பூட்டிக்கொண்டது. அவள் பேசாத வீட்டில் ஏசுவடியானுக்குத் தன் குரலே பிடிக்காமல் போயிற்று. காலம் பூராவும் இப்படியே இருந்துவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் புலம்பிய புலம்பல் ஞானசம்பந்தத்தின் காதிலும் விழுந்தது. அவர் மதுரையில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வருஷம் தவறாமல் சீசனுக்குக் குற்றாலம் வந்து, இவர் கடையில்தான் எண்ணெய் வாங்குவார்.

"டைரி எழுதிப் பாருங்க," என்றார் ஞானசம்பந்தம். "யார்கிட்ட என்ன பேசினோம், என்ன செய்தோம்னு ஒளிக்காம எழுதணும். எழுத எழுத நம்ம குறை என்னங்கிறது நமக்கே..."

"தெரிஞ்சிரும் சார், தெரியும்," என்று முடித்தார் ஏசுவடியான்.

ஹெட்மாஸ்டர் தன்னிடம் உபரியாக இருந்த ஒரு மருந்துக் கம்பெனி டைரியை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்ன டைரி. நாளுக்கு ஒரு பக்கம்.

ஏசுவடியானின் மூளை வேலை செய்த லட்சணத்தை இங்கேதான் பார்க்கவேண்டும். எழுத்து வேலை என்றால் சுகிர்தம் அல்லவா? ஜூலை ஏழாம் தேதி ஞாயிறு. சீசன் கூட்டம் அலைமோதுகிற நாளில் கடையை அடைத்துவிட்டு ஆராதனைக்குப் போய்வந்த வயிற்றெரிச்சலோடு மதியச் சாப்பாடு முடிந்தது. வெளியே சாரல். மனைவியிடம் டைரியை நீட்டினார்.

"நீ பேச வேண்டாம். நான் என்னைய சோதிச்சுப் பாக்கப் போறேன். சொல்லச் சொல்ல எழுது, போதும்."

அவள் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பேனாவில் மை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

தன்னைச் சோதிப்பது தனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், தான் என்ன பதில் கொடுத்தார் என்று கொட்டித் தீர்த்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். ஜூலை ஏழாம் பக்கம் நிரம்பி எட்டுக்குப் போனது, எட்டு பத்துக்குப் போனது, ஆடி மாதம் பறந்தது. காபி குடிக்க எழுந்தபோது டைரி சுதந்திர தினத்தில் நின்றது.

"வெள்ளிக்கிழமை விஷயமே இன்னும் முடியலையே," என்றார் ஏசுவடியான்.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் அதையும் முடித்தார். அந்தச் சனிக்கிழமை கிறிஸ்துமஸும் தாண்டி, டைரியில் வருஷம் தீர்ந்துபோனது.

ஊருக்குக் கிளம்புமுன் ஹெட்மாஸ்டர் கடைக்கு வந்து விசாரித்தார்.

"முழுசும் எழுதியாச்சு சார்."

"முழுசுமா? சரி, வாசிச்சுப் பார்த்தீங்களா?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சுகிர்தத்தை வாசிக்கச் சொன்னார். அவள் டைரியை அவர் பக்கம் தள்ளி, மூக்குக்கண்ணாடியையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

மழை வலுத்து, அருவியில் குளிக்கக்கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிய ஒரு நாளில் கடையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். வேகமாக வாசிக்கிறவன் பிடிக்காததைத் தாண்டிப் போய்விடலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

ஓரிடத்தில் இப்படி இருந்தது: "பக்கத்துக் கடை மசூது வந்தான். அண்ணாச்சி, உங்க கடைக்குப் பின்னால என்றான். மழைத் தண்ணி கெடக்கும், தெரியும்லே என்றேன்." நாலு பக்கம் தள்ளி மசூது திரும்பவும் வந்தான். உங்க கடைக்குப் பின்னால என்றான். அன்றைக்கு வெயில், ஆனாலும் ஏசுவடியான் மழைத் தண்ணி என்றே சொல்லியிருந்தார். செப்டம்பர் பக்கத்தில் மசூது இன்னொரு தரம் வந்தான்.

டைரியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் மசூது துண்டு விற்கிற கடைக்குப் போனார்.

"ஏலே மசூது, என் கடைக்குப் பின்னால என்ன?"

அண்ணாச்சியே சொல்லிவிடுவார் என்று மசூது பழக்க தோஷத்தில் காத்திருந்தான்.

"சொல்லுலே. நான் குறுக்க வர மாட்டேன்."

"குரங்கு, அண்ணாச்சி. தகரத்தைப் பேத்துட்டு உள்ள போகுது. பத்து நாளா உங்க சோப்பை எடுத்துட்டுப் போயி, கடிச்சுப் பாத்து, பிடிக்காம அருவியில எறியுது."

போய்ப் பார்த்தார். சந்தனச் சோப்பு இருந்த பெட்டியில் காகிதம் மட்டும் இருந்தது. திரும்பி வந்து டைரியை எடுத்தார். சிவசுப்பிரமணியன் வந்த பக்கம் வந்தது. "சார் அவளிடம், உங்களுக்கு வர விருப்பமா என்று கேட்டார். அவளுக்குத் தோதுப்படாது என்று சொன்னேன்."

அடுத்து சுகிர்தம் என்ன சொன்னாள் என்று தேடினார். பக்கத்தைப் புரட்டினார், இல்லை. முன்னால் போனார், பின்னால் போனார். ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் அத்தனை பேர் வந்து பாதிப் பாதியாவது பேசியிருந்தார்கள். சுகிர்தம் மட்டும் ஒரு சொல் பேசவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுதியவளுக்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் பேசாமல் இருப்பது இப்போது வந்த சங்கதி இல்லை, கல்யாணம் ஆன இந்தப் பதினாலு வருஷமாக அவள் வாயைத் தானே அடைத்து வைத்திருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

சோப்புக்குத்தான் அழுகிறார் என்று மசூது நினைத்தான். "விடுங்க அண்ணாச்சி. தகரத்தை மாத்தி அடிச்சிருவோம். குரங்கு என்ன, சீசன் முடிஞ்சா தானா மலைக்கு ஏறிரும்," என்றான்.

ஏசுவடியான் அதைக் கடைசிவரைக்கும் கேட்டார். மசூதுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் காலையில் சுகிர்தத்தைக் கூட்டிக்கொண்டு அச்சன்புதூர் பஸ் ஏறினார். அவள் எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. தலை சுற்றியதெல்லாம் இவருக்குத்தான். சிவசுப்பிரமணியன் இருவரையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார்.

"சார், அன்னைக்கு நீங்க இவகிட்ட ஒண்ணு கேட்டீங்க. நான் ஊடால விழுந்துட்டேன். இன்னொரு தரம் கேளுங்க," என்றார் ஏசுவடியான்.

சிவசுப்பிரமணியன் கேட்டார். சுகிர்தம் முந்தானையைச் சரிசெய்தாள், ஜன்னல் வழியே பிள்ளைகளைப் பார்த்தாள். ஏசுவடியானின் தொண்டைக்குள் நாலைந்து பதில்கள் முட்டி மோதின. பாவம், தோள்துண்டின் நுனியை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். பழக்கத்தில் சிவசுப்பிரமணியனும் அவர் முகத்தையே பார்த்தார். ஏசுவடியான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"பாலர் வகுப்புன்னா வேண்டாம் சார்," என்றாள் சுகிர்தம். "அஞ்சாம் வகுப்புக் கணக்கு குடுத்தா வாறேன். பின்னம் சொல்லிக் குடுக்கதுல எனக்கு ஒரு முறை உண்டு."

சிவசுப்பிரமணியன் திங்கட்கிழமையே வரச்சொன்னார். சுகிர்தத்துக்குக் கணக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது ஏசுவடியானுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துண்டை வாயிலிருந்து எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் சுகிர்தம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அன்னைக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன்," என்றாள்.

ஏசுவடியான் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க?"

"நீ முடிச்சிட்டியான்னு பாக்கேன்."

"எங்க முடிச்சேன்? நம்ம கல்யாணத்தன்னைக்கு இருந்துல்லா ஆரம்பிக்கணும்," என்றாள் சுகிர்தம். ஆரம்பித்தும்விட்டாள்.

இறங்கவேண்டிய தென்காசியில் பஸ் வந்து நின்றபோது அவள் கல்யாணப் பந்தியைத் தாண்டவில்லை. ரசம் பரிமாறுகிற இடத்தில் இருந்தாள். ஏசுவடியான் இறங்கவில்லை. கண்டக்டரைப் பார்த்து, வாய் பேசாமல், குற்றாலம் பக்கமாகக் கையைக் காட்டி, டிக்கெட்டுக்காக இரண்டு விரலை நீட்டினார்.