அம்பலவாணரின் இடாப்பு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நான் வாடகைக்கு இருந்த ஆறு வருடத்தில், எந்த நாள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. அம்பலவாணரைக் கேட்டால் தெரியும். வாசலோடு டெலிபோன் மேசையில் ஒரு தடித்த கொப்பி வைத்திருந்தார். வருபவர் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் ஏறும். காஸ் மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரனும் தப்பவில்லை. பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடிந்து, கண் சொருகி, குளிரில் விறைத்து வந்து நிற்பேன். "தம்பி, ஏழு இருபது" என்று எழுதி முடித்த பிறகுதான் வழிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரி அவருடைய மகள் சிவகௌரி. அவளுடைய பெயரும் அதில் இருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மனிதர் மலாயாவில் சிறைச்சாலைக் கிளாக்காக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போய், ஒரு பெரிய மறியல் வீட்டில் இடாப்பு, அதாவது கைதிகளின் பதிவேடு, எழுதச் சேர்ந்தார். முதலில் வெள்ளைக்காரன் பிடித்த சீனரும் தமிழரும் உள்ளே இருந்தார்கள். யுத்தம் வந்ததும் யப்பான்காரன் வெள்ளைக்காரரை உள்ளே போட்டான். யுத்தம் முடிய வெள்ளைக்காரன் திரும்பி வந்து, போர்க்குற்றவாளிகள் என்று யப்பான்காரரை அதே அறைகளில் அடைத்தான். பல பேருக்கு அங்கேயே தூக்கு. மூன்று காலத்திலும் இடாப்பு எழுதியது இவர்தான், ஒரே மேசையிலிருந்து. "ஆக்கள்தான் மாறினவை, இடாப்பு மாறேல்லை" என்பார். பெயர், உயரம், நிறை, கொண்டுவந்த சாமான், உள்ளே வந்த நாள், போன நாள்.

இந்தப் பெருமையை நான் சிரித்துத் தள்ளியிருப்பேன். குகதாசனை நினைத்தால் முடியவில்லை. குகதாசன் அவருடைய மகன். எண்பத்தைந்தில் ஊரில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு. இருபத்திரண்டு வயதுப் பெடியனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. தாயும் தகப்பனும் அடுத்த வருடம் மகளிடம் வந்து சேர்ந்தார்கள். வாசல் கொப்பியின் முதல் பக்கம் குகதாசனுடையது. உயரம் ஐந்தடி ஏழு. நீலச் சாரம், வெள்ளை பெனியன், இடது முழங்காலில் தழும்பு. போன நாள் எழுதும் கடைசிக் கூடு வெறுமையாக இருந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர் இலங்கையில் உள்ள மறியல் வீடுகளுக்கெல்லாம் கடிதம் எழுதுவார். தபாலில் போடுவது என் வேலை. எப்போதாவது பதில் வரும்: இந்தப் பெயரில் எங்கள் பதிவில் எவரும் இல்லை. அதை வாசித்துவிட்டு அவர் மனைவி அருமைநாயகி அம்மாவிடம் தெம்பாகச் சொல்லுவார்.

"மறியலிலை செத்தவனுக்குக் கட்டாயம் ஒரு வரி இருக்கும். தூக்கின யப்பான்காரனுக்கே நான் நிறை பாத்து எழுதினனான். எழுத்து இல்லையெண்டால் சாவும் இல்லை."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மா சாப்பிட்டார், குளித்தார், கோயிலுக்குப் போனார். பக்கத்து ஊரில் ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரி ஒருத்தி, பெடியனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் அவனுக்கும் நிம்மதி என்று இழுத்திருக்கிறாள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். "இவர் அரசாங்கக் கந்தோர் அறிஞ்சவர், அவளுக்கு என்ன தெரியும்" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்றில், பென்ஷன் கந்தோர் மூலம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மிசாவா என்ற யப்பானியப் பெண். லண்டனில் ஒரு வங்கியில் வேலை. அவளுடைய தகப்பன் அந்தச் சிறையில் தூக்கிலிடப்பட்டவன். அவனைப் பற்றிக் கேட்க வரலாமா என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வாசலில் பெயர் சொல்லச் சொன்னதும் சொன்னாள், நேரத்தை எழுதியதும் குனிந்து வணங்கினாள். இந்தக் கொப்பியை மதித்த முதல் ஆள் அவள்தான். அருமைநாயகி அம்மாவுக்கு இங்கிலீஷ் போதாது. என்னைப் பக்கத்தில் இருத்தி, "சொல்லச் சொல்ல எனக்கும் சொல்லுங்கோ தம்பி" என்றார்.

அம்பலவாணர் பூசி மெழுகவில்லை. "உன்னுடைய தகப்பன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன எங்கள் சனத்தை அடித்துக் கொன்றவன்" என்றார். தனக்குத் தெரியும் என்றாள் அவள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தடி மூன்று. நூற்றுப் பதினெட்டு றாத்தல். மூக்குக் கண்ணாடி ஒன்று, சீப்பு ஒன்று, குழந்தையின் படம் ஒன்று. நாற்பத்தேழாம் ஆண்டு, மாசி பதினான்கு, காலை ஒன்பது ஐந்து. நாற்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு இதெல்லாம் ஒரு மனிதனுக்கு ஞாபகம் இருக்குமா என்று வாய் பிளந்து கேட்டேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எதிரிக்கே இவ்வளவு கணக்காக எழுதியிருந்தால், எழுத்தில் இல்லாத என் பிள்ளை உயிரோடுதான் என்று அவர் நினைத்தது எனக்குக் கேட்டது.

குழந்தையின் படம் தன்னுடையது என்று சொல்லி அவள் அழுதாள். பிறகு கேட்டாள், எங்கே புதைத்தீர்கள்?

அம்பலவாணர் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி, குடிக்காமல் வைத்தார்.

"அது எழுதவில்லை" என்றார் இங்கிலீஷில். "லொறி வரும், மூடிக்கொண்டு போகும். அந்தக் கூட்டை வெறுமையாக விடச்சொல்லி மேலிடத்து உத்தரவு. யப்பான்காரன் இருந்தபோதும் அப்படித்தான். சில பேருக்கு இடாப்பில் ஒரு வரியும் போடவேண்டாம் என்பார்கள். நான் போடவில்லை."

"என்ன சொன்னவர்?" என்றார் அம்மா.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பெற்றோல் செட்டில் நாளுக்கு நூறு பொய் சொல்பவன்தானே நான். ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அம்பலவாணரும் பார்த்தார். சொன்னேன், உள்ளதை உள்ளபடி.

யப்பானியப் பெண் எழுந்து இருவரையும் வணங்கிவிட்டுப் போனாள். கிழவர் வாசல் வரை போகவில்லை. அவள் போன நேரம் கொப்பியில் ஏறவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தார். கோபப்பட்டு இரண்டு வார்த்தை கேட்கலாம் போல எனக்கு இருந்தது. யாரைக் கேட்பது, எதைக் கேட்பது?

அருமைநாயகி அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தார். திரும்பி வந்து, டெலிபோன் மேசையில் இருந்த கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தை விரித்து அவருடைய மடியில் வைத்தார்.

"இஞ்சாருங்கோ" என்றார். "அந்தப் பிள்ளையின்ரை தகப்பனுக்கு நாளும் நேரமும் சொன்னனீங்கள். என்ரை பிள்ளைக்குத் துவசம் செய்யிறதுக்கு எந்த நாளைச் சொல்லப் போறியள்?"

அவர் பேனையைக் கையில் எடுத்தார். அம்மா பக்கத்திலேயே நின்றார். நான் ஷிப்டுக்குப் போக வெளிக்கிட்டபோதும் அப்படியேதான் இருந்தார்கள். அன்றைக்கு நான் போன நேரத்தை ஒருவரும் எழுதவில்லை.