அணிவகுப்புக்குப் போன தாலாட்டு

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கம்பளி ஆலைகளுக்கு நடுவே இருந்த சிறிய தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள் ஹெஸ்டர் லட்லம். ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த நேரம் போக, பாட்டுகளுக்கு மெட்டமைப்பாள். அவற்றையெல்லாம் பாடியவள் கிளாரிஸ் த்வெய்ட், பள்ளித் தோழி, ஆலை மேலாளரின் மனைவி. அவள் குரல் எங்கே ஏறும், எங்கே மூச்சு வாங்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஹெஸ்டர் மெட்டுப் போடுவாள்.

கிளாரிஸின் கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது, ஹெஸ்டர் தொட்டிலருகே உட்கார்ந்து ஒரு தாலாட்டு கட்டினாள். குழந்தை பிழைத்தது. "இது எங்க வீட்டுப் பாட்டுடி. மேடையில பாடவே மாட்டேன்" என்று கிளாரிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜெர்மனியோடு போர் மூண்ட மறு வசந்தத்தில், நகர மண்டபத்தில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டம். ஹெஸ்டரின் தம்பி வில்ஃப், சாயப்பட்டறையில் வேலை செய்தவன், அவளையும் கூட்டிப்போனான். கிளாரிஸ் மேடையேறினாள். முரசு அதிர்ந்தது. எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று நினைத்த ஹெஸ்டருக்கு, மூன்றாம் வரியில் புரிந்துவிட்டது. அவளுடைய தாலாட்டேதான். 'கண்ணே உறங்கு' என்றிருந்த இடத்தில் 'கிளம்பு தம்பி கிளம்பு' என்று வந்தது.

"அக்கா, நம்ம பாட்டு!" வில்ஃப் எழுந்துவிட்டான். அவள் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா. உன் பாட்டுக்கே நான் எழுந்திரிக்கலன்னா எப்படி?"

மேடையில் பேர் கொடுத்தவர்களுக்கெல்லாம் கிளாரிஸ் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வில்ஃபுக்கும் கொடுத்தாள்.

கூட்டம் முடிந்ததும் ஹெஸ்டர் மேடைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கிளாரிஸ்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி. ஊரே உன் மெட்டப் பாடுது, சந்தோஷப்படு. என் பையனுக்கு ஏழு வயசாச்சு, இனி அவனுக்கு எதுக்குத் தாலாட்டு?"

"உன் பையனுக்கு ஏழு. என் தம்பிக்குப் பத்தொன்பது."

அடுத்த கூட்டத்துக்கு வாத்தியக் குழு வரவில்லை. பியானோ வாசிக்க ஹெஸ்டரைக் கூப்பிட்டார்கள். மறுபேச்சில்லாமல் போனாள். கிளாரிஸ் வாயைத் திறந்ததும், மெட்டைத் தொட்டிலாட்டும் கதியில் வாசிக்க ஆரம்பித்தாள்.

"வேகமா வாசிடி!" என்று கிளாரிஸ் பல்லைக் கடித்தாள். அந்த நிதானத்தில் போர்ப்பாட்டின் சொற்கள் நிற்கவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டாள். ஹெஸ்டர் மட்டும் கடைசிவரை வாசித்தாள். முன்வரிசையில் ஒரு தாய் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று யாரும் மேடையேறவில்லை.

அதற்காகவே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பாடம் படித்த பிள்ளைகளும் வராமல் போனார்கள். மறு கோடையில் வில்ஃப் பிரான்ஸ் மண்ணில் செத்தான்.

கறுப்பு உடையில் துக்கம் கேட்க வந்தாள் கிளாரிஸ். ஹெஸ்டர் வாசலை விட்டு நகரவில்லை.

"அன்னிக்கு அவனுக்கு எந்தக் கன்னத்துல முத்தம் குடுத்த?"

கிளாரிஸ் விழித்தாள். அவளுக்கு நினைவில்லை. ஹெஸ்டர் கதவைச் சாத்தினாள்.

பிறகு அவள் விட்பி துறைமுகத்துக்குக் குடிபோய், மீன் சுத்தம் செய்யும் பெண்களுக்குப் பாட்டுக் கட்டினாள். எல்லாமே நாற்பது பேர் சேர்ந்து பாடுபவை. யாராவது தனியாக ஒரு வரி பாட ஆசைப்பட்டால், "வேண்டாம்மா, எல்லாரோடயும் சேர்ந்தே பாடு" என்பாள்.