பரிமளம் அன்ரி பூசாமல் விட்ட முன்சுவர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியன்று வாசிப்பதற்கு ஏதாவது எழுதச் சொன்ன அம்மா, "நல்லதை மட்டும் எழுது பிள்ளை" என்றும் சொன்னார். ஆனால் உண்மையை விட்டுவிட்டால் அது பரிமளம் அன்ரியைப் பற்றியதாக இருக்காது. நீங்கள் எல்லோரும் தபால் கந்தோரில் அவரிடம் முத்திரை வாங்கியவர்கள், அவரிடம் பேச்சும் வாங்கியவர்கள். அவருடைய வீட்டுக்குள் மட்டும், அவர் இறக்கும்வரை, நீங்கள் வந்ததில்லை. ஏன் என்பதை இனிச் சொல்லலாம்.

அவர் இறந்த அன்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சரித்திரப் பாடம். அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "அன்ரி ஆசுப்பத்திரியிலை மோசம் போயிட்டா. வீட்டை கொண்டுவரப் போயினம்" என்றார். அம்மாவின் கண்ணில் அழுகை இல்லை, பயம்தான் இருந்தது. சுன்னாகத்திலிருந்து உறவினர் வருவார்கள், ஊர் முழுவதும் வரும், செத்தவீட்டுக்குக் கதவைச் சாத்த முடியாது.

முன்பு, சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்து நானும் அம்மாவும் தங்கச்சியும் கோயில் மடத்தில் படுத்திருந்தபோது, அன்ரி தானாக வந்து எங்களை உரும்பிராயில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டின் முன்பக்கத்தைப் பார்த்ததும் அம்மா தயங்கி நின்றுவிட்டார். ஷெல் விழுந்து விறாந்தையின் கூரை பாதி இல்லை. தூண் ஒன்று சரிந்து கிடந்தது. சுவரெல்லாம் கரி. அன்ரி சிரித்தார். "முகத்தைப் பாத்துப் பயப்பிடாதையுங்கோ. வீட்டுக்கு வயிறு நல்லாயிருந்தாக் காணும்."

அவர் பின்னாலிருந்து திருத்திக்கொண்டு வந்தார். முதலில் சமைக்கும் குசினி, பிறகு எங்களுக்கு ஓர் அறை, அதன்பின் தன்னுடைய அறை, கடைசியாக நடுஹோல். சீமெந்து வராத காலம். சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துப் பூசினார். இடிந்த வீடுகளில் கேட்டு வாங்கிய ஓடுகளைச் சாக்கில் சுற்றி, மேலே கீரை பரப்பிக் கொண்டுவந்தார். உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து ஹோல் சுவர்களுக்கு அடித்தார். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிக் காவியில் தோய்த்து, சுவரின் மேல் ஓரம் முழுக்கப் பூக் குத்தினார். யன்னலுக்குக் கண்ணாடி இல்லை. தன் மஞ்சள் சேலையைக் கிழித்து இழுத்துக் கட்டினார். பின்னேரம் அந்த ஹோல் தேன் போத்தலுக்குள் இருப்பதுபோல இருக்கும்.

முன்பக்கத்தில் அவர் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. துவக்கு ஏந்திச் சண்டை பிடிப்பவர்களுக்குத் தங்க வீடுகள் தேவைப்பட்டன. ஓடும் யன்னலும் உள்ள வீடு கண்ணில் பட்டால் கேட்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். அவர்கள் இருக்கும் வீட்டைத் தேடிக் குண்டு வரும். எங்களை அவர் கூட்டிவந்ததும் இரக்கத்தால் மட்டும் இல்லை. அதை அவரே சொன்னார். "ஆளில்லாத அறையைத்தான் முதலிலை கேப்பாங்கள். நீங்கள் எனக்கு உதவி, நான் உங்களுக்கு உதவி."

ஒரே ஒரு தடவை அவரால் ஆசையை அடக்க முடியவில்லை. எங்கோ கிடைத்த பச்சைப் பெயின்ரை முன்கதவுக்கு அடித்துவிட்டு, வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் இறங்கி நின்று கண் எடுக்காமல் பார்த்தார். மருதனார்மடம் சந்தைக்குப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன பரிமளமக்கா, கலியாணமோ?"

"ஓம், உம்மைத்தான் கேக்க இருக்கிறன்" என்றார் அன்ரி. சைக்கிள்காரர் சிரித்துக்கொண்டு போனதும் அன்ரியின் முகம் மாறியது. உடைந்த கண்ணாடித் துண்டால் அந்தப் பச்சையைச் சுரண்டத் தொடங்கினார். மிச்சத்தின் மேல் அடுப்புக்கரியைத் தேய்த்தார். அழவில்லை. "வடிவாத்தான் இருந்தது, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஒருநாள் துவக்கோடு இரண்டு பேர் வந்தார்கள். அன்ரி சரிந்த தூணின் மேல் குந்தியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உள்ளுக்கை எப்பிடியம்மா?"

"உள்ளுக்கையோ தம்பி? வாங்கோவன், பாருங்கோவன். முகடு எப்ப விழுமெண்டுதான் நாங்களும் பாத்துக்கொண்டிருக்கிறம். தலையிலை ஓடு விழுந்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது."

ஒருவர் நிமிர்ந்து பார்த்து ஓரடி பின்னால் வைத்தார். அவர்கள் போனபிறகு அன்ரி உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரில் பாதி அவர் மடியில் சிந்தியது. நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு, "அந்த மூலைக்கு நீலம் காணாது, இன்னொருக்கா அடிப்பம்" என்று எழுந்தார்.

செத்தவீட்டன்று அம்மா, "விறாந்தையிலை கிடத்துவம்" என்று மன்றாடினார். "மழை இருட்டுது, என்ன கதை கதைக்கிறியள்?" என்று ஆண்கள் பெட்டியை நேரே நடுஹோலுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் உள்ளே வந்தீர்கள். முதலில் அன்ரியைப் பார்த்தீர்கள், பிறகு சுவரைப் பார்த்தீர்கள். ஒப்பாரி ஒரு கணம் நின்றது. "எடியே, இதென்ன அரமனையே!" என்றார் ஒரு மாமி. "உப்பிடி வைச்சுக்கொண்டே மனிசி ஒருத்தருக்கும் காட்டேல்லை?" எனக்கு அன்ரியை நினைக்கப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அம்மா வாசலைப் பார்த்தார்.

நேற்றுப் பின்னேரம் வாசல் படலையில் துவக்கோடு இரண்டு பேர் சைக்கிளில் வந்து நின்றார்கள். இடிந்த முன்பக்கத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. "நடுஹோல் நல்ல பெரிசாமே, அம்மா?" என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். எங்களுக்குப் போக வேறிடம் இல்லை என்று அம்மா சொன்னார். "அந்தியேட்டி முடியட்டும். பிறகு வந்து கதைக்கிறம்" என்று சொல்லிப் போனார்கள்.

நீங்கள் யார்மீதும் எனக்குக் கோபமில்லை. நல்லதைக் கண்டால் வாய் சொல்லத்தான் செய்யும். அன்ரியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். பயம் போகட்டும், பிறகு தொடங்கலாம் என்று அவர் ஒருநாளும் இருந்ததில்லை. பயத்தோடேயே அடுத்த அறைக்குப் போனார். இதை எழுதும்போது எனக்கும் பயமாக இருக்கிறது.

அவரைப் பற்றி இன்னும் எழுத இருக்கிறது. ஒழுங்கையில் யாரோ வரும் சத்தம் கேட்டு அம்மா விளக்கை அணைக்க வருகிறார்.