வாடாத லில்லி

அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும் குமட்டல். தேவகிருபை ஓடிப்போய்ப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர் ஓரம் பூனை நுரை கக்கிக் கிடந்தது.

கணவன் நெல்சன் காசிமேட்டிலிருந்து சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி அது. மீசையைப் பார்த்து, கெளுத்தி என்று பெயர் வைத்ததும் அவன்தான். போன வருடம் கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. அவன் விட்டுப்போன உயிர் இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால்?

"அழுதுகினே நிக்காதக்கா, கூடைய எட்து. ஆட்டோ நிக்குது" என்று விரட்டினாள் பக்கத்து வீட்டு ஜஸீமா.

கால்நடை டாக்டர் பூனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்ல லில்லிப்பூ இருக்காம்மா?" என்றார்.

"கோயில் பூ சார். செத்துப்போன வூட்டுக்காரரோட வருசப் பூசைக்கு வெச்சது."

"அது பூனைக்கு விஷம்மா. பூ, இலை மட்டுமில்ல, அது நின்ன தண்ணியும்தான். கிட்னி போயிடும்."

தேவகிருபைக்குப் பூனையின் கிண்ணம் நினைவுக்கு வந்தது.

பூசை முடிந்ததும் கோயில் பீடத்தில் இருந்த பூவை ஜாடியோடு கொண்டுவந்து நெல்சன் படத்தருகே வைத்திருந்தாள். பூசைப் பூ நின்ற தண்ணீரைக் கால் படும் இடத்தில் ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. செடித்தொட்டிக்கும் இடமில்லாத வீடு. அந்த வாயில்லா ஜீவனுக்கும் ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று, அதன் கிண்ணத்தில் அவள்தான் ஊற்றியிருந்தாள்.

மறுநாள் விடியும்போது கெளுத்தி அவள் மடியிலேயே அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வரதன் வந்தான். நெல்சனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போய்வந்தவன். காய்ச்சலில் அவன் படுத்துவிட்ட அன்றுதான் நெல்சன் தனியாகக் கடலுக்குப் போனான். அன்றிலிருந்து இவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. கையில் நெத்திலிப் பொட்டலம்.

"இன்னா அண்ணி, கெளுத்தி எங்க? தெருமுனைக்கே வந்து மாமூல் கேக்குமே!"

"ஊர் சுத்தப் போயிருக்கும் வரதா."

படத்தைப் பார்த்தான். "பூவு இன்னும் வாடாம கீதே. கடைக்காரன்கிட்ட சண்ட போட்டு வாங்கியாந்தேன். நெல்சனுக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதான் அண்ணி. நல்லா இருந்திச்சா?"

ஒரு சாவையே சுமக்க முடியாமல் குனிந்து நிற்பவன் தலையில் இன்னொன்றையும் ஏற்றுவதா?

"கோயிலே மணந்துச்சி வரதா. உங்கண்ணன் பார்த்திருந்தா பூரிச்சிப்போயிருப்பாரு."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கக்கூடச் செய்தான். பொட்டலத்தை வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

அவன் தெருத் திரும்பும்வரை அவளும் சிரித்த முகமாக நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டாள்.