பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்த ஆள்

எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில், வாசல் கதவு நேராகத் தெரிகிற வீட்டில் பிரோஷ்காம்மா குடியிருந்தார். முழுப் பெயர் கெலெமென் பிரோஷ்கா. புடாபெஸ்ட் டிராம்களில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்க அவன் கையைப் பார்க்க வேண்டியதில்லை, காலைப் பார்த்தால் போதும் என்பார். குதிகால் கதவுப் பக்கம் திரும்பியே இருக்குமாம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. கேஸ் மீட்டர் பார்க்க வருகிறவர் பதினோரு வருடமாக ஒரே ஆள்தான். அவரும் ஒவ்வொரு மாதமும் அடையாள அட்டையை நீட்டிவிட்டுத்தான் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியும். "போன மாசம் நீங்கதான் வந்தீங்க, சரி. இந்த மாசமும் அதே ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அந்த மனிதர் அட்டையை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டுவார்.

அந்த வருடம் எங்கள் தெருவில் மூன்று கட்டடங்களில் மாடிப்படி விளக்குகளும் பித்தளைக் கதவுப் பிடிகளும் காணாமல் போயிருந்தன. நூறு வருடத்துச் சாமான். முன்கூட்டியே யாரோ வந்து அளவெடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு. யார் என்று போலீசுக்கும் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஓர் ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றான். அறுபது வயதிருக்கும். பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்து, எங்கள் வாசற்படியின் உயரத்தை அளந்தான். சின்ன நோட்டில் எழுதினான். பக்கத்துக் கட்டடத்தின் கல் விளிம்பில் உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்தான். மறுபடியும் எழுதினான்.

"பாத்தீங்களா? அளவு எடுக்கறான்," என்று பிரோஷ்காம்மா கீழிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டாம் மாடி நடையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"நகராட்சி ஆளா இருக்கும், பிரோஷ்காம்மா."

"நகராட்சி ஆளுன்னா ரெண்டு பேரா வருவாங்க. ஒருத்தர் அளப்பாரு, இன்னொருத்தர் சிகரெட் பிடிப்பாரு. இவன் தனியா வந்திருக்கான்."

நான் அடுத்த துணியை எடுப்பதற்குள் அவர் தன் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, சீஸ் போட்ட உப்பு ரொட்டி நாலைக் கைப்பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். மீதியை அவரே பிறகு எனக்குச் சொன்னார், ஒரு தடவை இல்லை, பல தடவை. சொல்லும்போதெல்லாம் நேரமும் இடமும் ஒன்றுகூட மாறாது. பரிசோதகர் அறிக்கை எழுதுகிற மாதிரிதான் இருக்கும்.

அந்த ஆள் முதலில் ராக்கோட்சி சதுக்கத்துக்குப் போனான். அங்கே மூன்று பெஞ்சுகளில் மாறி மாறி உட்கார்ந்தான். பிறகு காய்கறி மார்க்கெட்டுக்குள் நுழைந்து, ஊறுகாய்க் கடை போரியிடம் ஏதோ கேட்டான். அவன் நகர்ந்ததும் பிரோஷ்காம்மா போரியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கேட்டான்?"

"கழிப்பறை எங்கன்னு கேட்டாரு. அது ஒரு குத்தமா?"

"அப்புறம்?"

"உள்ள கைப்பிடி இருக்கான்னு கேட்டாரு."

"கைப்பிடியா!" பிரோஷ்காம்மா ஊறுகாய்ப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டார். "பித்தளையான்னு கேட்டானா?"

"கழிப்பறையில யாரு பித்தளை வைப்பாங்க? ஒரு வெள்ளரிக்காய் சாப்பிட்டுப் போங்க, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

வெள்ளரிக்காய்க்கெல்லாம் நேரமில்லை. அந்த ஆள் அருங்காட்சியகத் தோட்டம் வழியாகப் போய், பெரிய மார்க்கெட்டைத் தாண்டி, விடுதலைப் பாலத்தில் ஏறிவிட்டான். பிரோஷ்காம்மா இருபது அடி விட்டுப் பின்னால் போனார். கூட்டத்தில் ஆளை விடாமல் பிடிக்கும் தூரம் அது, அவர் தொழிலில் கற்றது.

அந்தப் பாலத்தை அவர் ஆயிரக்கணக்கான தடவை கடந்திருக்கிறார், டிராமில், மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டே. நடந்து கடந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது. இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி டான்யூப் நதியைப் பார்த்துக்கொண்டே பீர் குடித்தது. கீழே மணல் ஏற்றிய படகு ஒன்று எதிர்நீரில் போயிற்று. நதி இவ்வளவு அகலமா என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டார். அந்த நிமிடத்தில்தான் இடது முழங்கால் குத்த ஆரம்பித்தது.

நிமிர்ந்து பார்த்தால், அந்த ஆளும் நின்றிருந்தான். கம்பியில் சாய்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுதிக்கொண்டிருந்தான்.

இதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை. பாலம் தாண்டி, நதியோரமாக வடக்கே போனபோதும் அப்படியே. இவர் நின்றால் அவன் நின்றான். இவர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தால், அவன் நாலு மரம் தள்ளி ஷூ கயிற்றைக் கட்டினான். ஒரு ஷூவுக்கு எத்தனை தடவை கயிறு கட்டுவான் மனுஷன்?

மலையடியில் தபான் பக்கம் வந்ததும், மேலே இருக்கும் கோட்டைக்கு ஏறும் படிக்கட்டுக்குத் திரும்பினான். பாதி வழிக்கு மேல் ஆளரவமே இல்லை. "கூட்டாளிங்க மேல காத்துக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சேன். என்னைத் தனியா இழுத்துட்டுப் போறான்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் என்னிடம்.

"அப்பவே திரும்பியிருக்கலாமே?"

"முப்பத்தொரு வருஷத்துல பாதியில இறங்கினவ இல்ல நான்."

கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது அந்த ஆளைக் காணவில்லை. கோட்டைச் சதுக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். சின்ன வயது, வேலை இல்லாத முகம்.

"தம்பி, சாம்பல் தொப்பி போட்ட ஒருத்தன் இந்தப் பக்கம் வந்தான். அவனை உடனே பிடிக்கணும்."

"என்ன பண்ணாரும்மா?"

"காலையிலருந்து பெஞ்சு பெஞ்சா உட்கார்ந்து எழுந்திருக்கறான்."

"பெஞ்சுல உட்கார்றது தப்பில்லையேம்மா."

"அளக்கறான்! எழுதறான்! கைப்பிடியைப் பத்தி விசாரிக்கறான்!"

"உங்க கோட்டு பச்சைதானேம்மா?"

"கண்ணு தெரியலையா?"

"கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு முன்னாடி அவரு வந்து சொல்லிட்டுப் போனாரு. பச்சைக் கோட்டு போட்ட ஒரு அம்மா காலையிலருந்து பின்னாடியே வர்றாங்க, பிக்பாக்கெட்டா இருக்குமோன்னு பயமா இருக்குன்னாரு."

வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பிரோஷ்காம்மாவை யாரும் சந்தேகப்பட்டதில்லை. போலீஸ்காரர் கை காட்டிய திசையில், கோட்டைச் சுவரோரம், மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் அந்த ஆள், மடியில் நோட்டு.

நேராகப் போய் முன்னால் நின்றார்.

"யார்யா நீ? யாரைப் பார்த்து பிக்பாக்கெட்ங்கற?"

அந்த ஆள் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "கைக்கு முத்தம், அம்மா," என்று பழைய ஹங்கேரிய முறைப்படி வணங்கினான். "முதல்ல உட்காருங்க. உங்க முழங்கால் தாங்காது."

"என் முழங்கால் உனக்கெதுக்கு? அட்டையை எடு!"

பிரோஷ்காம்மாவின் அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் அட்டையை எடுக்காமல் இருந்ததில்லை. வெளியே வந்தது. பெயர் ஃபென்யவெஷ் லோராண்ட். முன்பு பள்ளிக்கூடத்தில் நில அளவையும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். புகைப்படத்தையும் முகத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிரோஷ்காம்மா நோட்டைக் கேட்டார். லோராண்ட் தயங்கினார். பிறகு கொடுத்தார்.

பெஞ்சுகளின் உயரம், படிகளின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் கைப்பிடி, எந்தக் கழிப்பறையில் கம்பி இருக்கிறது, ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு எத்தனை நிமிடம்: எல்லாம் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. கடைசிப் பக்கங்களில் மட்டும் வேறு மாதிரி.

"பச்சைக் கோட்டு. பாலம், பதினாறு நிமிடம். இரண்டு தடவை நின்றார். இடது கால்."

"பச்சைக் கோட்டு. படிக்கட்டு. ஆறாவது திருப்பத்துக்குப் பிறகு ஒரு பெஞ்சு தேவை. இல்லை."

"என்னை வேவு பார்த்தியா?" பிரோஷ்காம்மா நோட்டை மூடினார்.

"நீங்கதான் என்னை வேவு பார்த்தீங்க. நான் சும்மா எழுதினேன்." லோராண்ட் மெதுவாகப் பேசினார். "கால் முடியாதவங்க ஒரே நாள்ல இந்த ஊரை நடந்து பார்க்கறதுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடறேன். எனக்குக் கால் நல்லா இருக்கு, என் நேரம் யாருக்கும் உதவாது. பாலத்துல உங்களைப் பார்த்தேன். பயந்துதான் போனேன். ஆனா நீங்க நொண்டிக்கிட்டே வந்தீங்க, எனக்கு வேணுங்கற வேகம் அதுதான். படிக்கட்டுல முடியாம நின்னுடுவீங்களோன்னு நானும் மெதுவா ஏறினேன். மேல வந்ததும் மறுபடியும் பயம் வந்துடுச்சு."

"நான் ஏன் நம்பணும்?"

"நம்ப வேண்டாம். என் மனைவிகிட்டக் கேளுங்க." லோராண்ட் செல்போனில் எண்ணை அழுத்தி நீட்டினார். கடைசி நொடியில் போனைக் கையால் மூடிக்கொண்டார். "புத்தகத்தைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தெரியாது."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டே பிரோஷ்காம்மா போனைப் பிடுங்கினார்.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு பெண் குரல். "லோரி? யாரு பேசறது? என் புருஷன் போன்ல எந்தப் பொம்பளை?"

"நான் கெலெமென் பிரோஷ்கா. உங்க புருஷனைக் காலையிலருந்து பின்தொடர்ந்து வர்றேன்."

"நெனச்சேன்!" என்றாள் அந்த மனைவி. க்ளோதில்ட் என்று பெயர். "எனக்கு இடுப்பெலும்பு மாத்தினதுலருந்து ஒரு மாசமா இதே கதைதான். தினம் நடக்கப் போறேன், நடக்கப் போறேன்னு கிளம்பிடறாரு. எங்கன்னா சொல்ல மாட்டேங்கறாரு. நோட்டைப் பூட்டி வைக்கறாரு. வீட்டுல முடியாம கிடக்கறவளை விட்டுட்டு நாள் முழுக்க எந்த மனுஷன் நடப்பான்? உண்மையைச் சொல்லுங்க. எத்தனை நாளாப் பழக்கம்?"

பிரோஷ்காம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் தொடர்வார். அவருடைய கணவர் கஷ்பார் ஒரு காலத்தில் சனிக்கிழமை தவறாமல் வெலென்ட்சே ஏரிக்கு மீன் பிடிக்கப் போவாராம். மீன் கொண்டுவந்த நாளைவிடக் கொண்டுவராத நாள்தான் அதிகம். இவர் ஒரு சனிக்கிழமை அடுத்த ரயிலில் ஏறிப் போய், நாணலுக்குப் பின்னாலிருந்து நாலு மணி நேரம் பார்த்தார். கஷ்பார் தனியாக உட்கார்ந்து மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறொன்றும் இல்லை. சாயங்காலம் சாமானைக் கட்டும்போது நாணலில் இவருடைய பச்சைக் கைக்குட்டையைக் கண்டுகொண்டார். சத்தம் போடவில்லை. "மீன்தான் பிடிச்சேன், பிரி," என்றார், அவ்வளவுதான். அந்த இலையுதிர் காலத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

"ஹலோ? செத்துட்டீங்களா?" என்றாள் க்ளோதில்ட் போனில்.

"இருக்கேன்," என்றார் பிரோஷ்காம்மா. "கேளுங்கம்மா. எட்டு மணிக்கு எங்க தெருவுல இருந்தாரு. எட்டு நாப்பதுக்கு மார்க்கெட்டு. பத்தேகாலுக்குப் பாலம். இப்ப கோட்டை மேல இருக்காரு. வழியில பேசின ஒரே பொம்பளை ஊறுகாய் விக்கறவ, அவளுக்கு எழுபத்தஞ்சு வயசு. நடக்கறேன்னு சொன்னாருன்னா நடக்கத்தான் நடக்கறாரு. என் கண்ணால பார்த்தேன். நான் முப்பத்தொரு வருஷம் பரிசோதகர், என் கண்ணு தப்பாது."

"அப்ப எதுக்கு நடக்கறாரு?"

பிரோஷ்காம்மா லோராண்டைப் பார்த்தார். அவர் தலையை வேண்டாம் வேண்டாமென்று ஆட்டினார்.

"உங்களுக்குப் புத்தகம் போடறாரு," என்றார் பிரோஷ்காம்மா. "எங்க உட்காரலாம், எங்க பிடிச்சுக்கலாம்னு. ஒளிச்சு வைக்கற புருஷன் யாரும் நல்லா இருந்ததில்ல, நீங்களே அவரைக் கேட்டுக்கோங்க." போனை அவர் கையில் திணித்தார்.

லோராண்ட் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "இல்ல க்ளோதி, பரிதாபமெல்லாம் இல்ல," என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிரோஷ்காம்மா உப்பு ரொட்டியை எடுத்துத் தின்றார். அவர் பேசி முடித்ததும் ஒன்றை அவருக்கும் கொடுத்தார். லோராண்ட் அதை வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடித்தார். அது பிரோஷ்காம்மாவுக்குப் பிடித்திருந்தது.

இறக்கத்தில் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள், சங்கிலிப் பாலம்வரை. நோட்டில் எழுதும்போதெல்லாம் இவர் எட்டிப் பார்த்துத் திருத்தினார். "பதினொண்ணு இல்ல, பதிமூணு நிமிஷம். நடுவுல மூக்கு சிந்தினேன், அதைக் கழிச்சுட்டீங்க."

மறு வருடம் வசந்தத்தில் புத்தகம் வந்தது. லோராண்ட் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். பிரோஷ்காம்மா அதை நம்பவில்லை. க்ளோதில்டைக் கூட்டிக்கொண்டு, இவருக்கு இடது கால், அவருக்கு வலது இடுப்பு, ஒரு நாள் முழுக்க அதே வழியில் நடந்தார். ராக்கோட்சி சதுக்கத்துப் பெஞ்சு ஒன்றை யாரோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கோட்டைக் கழிப்பறை திங்கட்கிழமை பூட்டு. வழியெல்லாம் இருவரும் லோராண்டைத் திட்டித் தீர்த்தார்கள், அதில் நல்ல சிநேகமும் ஆகிவிட்டது. பிறகு சனிக்கிழமைதோறும் புறப்பட்டுவிடுவார்கள். முதல் மாடியிலிருந்து வாசலைப் பார்க்க அன்று ஆள் இருக்காது, கேஸ்காரர் நிம்மதியாக வந்து போவார்.

இரண்டாம் பதிப்புக்கு நாற்பத்துமூன்று திருத்தங்கள் கொடுத்தார் பிரோஷ்காம்மா. முன்னுரையில் நன்றி சொல்லி அவர் பெயரைப் போட வேண்டுமென்று லோராண்ட் கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டார்.

"யார் யாரோ வாங்கிப் படிக்கப் போறாங்க," என்றார் என்னிடம். "என் பேரு அவங்களுக்கு எதுக்கு?"